உஷார்! கார்டு வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

நில்லுங்கள். காசை எடுக்காதீர்கள்.

"அம்மா, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் போட்டா போதும், கம்ப்யூட்டர் பறக்கும்" என்று வீட்டில் பிள்ளை நச்சரிக்கிறானா? பறக்கும்தான். விஷயம் தெரியாமல் போட்டால் புகையாகப் பறக்கும்!

யோங் பெங்கில் ஒரு தாமான் வீடு. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மகன் எஸ்பிஎம் முடித்தவன், வீடியோ எடிட்டிங் கற்க ஆசை. ஆபீஸில் கழித்துவிட்ட டெஸ்க்டாப் ஒன்றை அப்பா 600 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தார். சில மாதம் கழித்து, பையன் இணையத்தில் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றைப் பிடித்தான். விலை 650 வெள்ளி. விரைவுப் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் கடைவரிசை இருக்கிறதே, அங்கே கார் நிறுத்துமிடத்தில் பணம் கை மாறியது. ரசீது கிடையாது.

வீட்டில் வந்து பார்த்தால், கார்டு தனியாக 8 பின் பவர் வயர் கேட்கிறது. பெட்டிக்குள் அப்படி ஒரு வயரே இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை!

9 வெள்ளிக்கு ஓர் அடாப்டர் வாங்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரில் செருகிவிட்டான். இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் இரவு கேம் பாதியிலேயே திரை கறுத்தது. "ம்மா, என்னமோ கருகுற நாத்தம் வருதும்மா!" அம்மா ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டினார். பெட்டியைத் திறந்தால், சாட்டா பிளக் மெழுகு போல இளகி வயரோடு ஒட்டிக் கிடந்தது. கார்டு போச்சு. மதர்போர்டு போச்சு. அக்கா கல்யாணப் படங்கள் இருந்த டிஸ்கும் போச்சு. விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

ஏன் இப்படி? கணக்கு எளிது. அந்தக் கார்டு இழுப்பது 170 வாட். மதர்போர்டில் கார்டு செருகும் இடம் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். மீதி 95 வாட் வயர் வழியாக வர வேண்டும். சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது வெறும் 54 வாட். இளகாமல் என்ன செய்யும்? போதாததற்கு, பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் இருந்தது 290 வாட். இந்தக் கார்டுக்கு அதன் சிப்பைத் தயாரிக்கும் என்விடியா கேட்பதோ 550 வாட் பவர் சப்ளை!

இந்த ஆபத்து அறிகுறிகளை மனத்தில் வையுங்கள்.

1. ஸ்டிக்கரில் 240, 255, 290 என்று இருக்கிறதா? ஆபீஸ் டெஸ்க்டாப்களில் இதுதான் வழக்கம். பெரிய கார்டை மறந்துவிடுங்கள்.

2. "அடாப்டர் போட்டுக்கலாம் தம்பி" என்கிறார்களா? சாட்டாவிலிருந்து 8 பின் அடாப்டரா? வேண்டவே வேண்டாம்.

3. "பவர் சப்ளையை மாத்திடலாம்" என்கிறார்களா? அவசரப்படாதீர்கள். டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் மதர்போர்டின் பவர் பிளக்கே வேறு மாதிரி. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையின் 24 பின் அதில் சேராது. சிலவற்றில் பெட்டிக்குள்ளேயே நுழையாது.

4. ஒல்லிப் பெட்டியா? லோ புரொஃபைல் கார்டு மட்டுமே உட்காரும். டேப் வைத்து நீளம், உயரம் அளந்துவிட்டுப் போங்கள்.

5. விலை நம்ப முடியாத மலிவா? பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டுகளுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி, 1050 டிஐ என்று தலையில் கட்டுகிறார்கள். '1050 டிஐ'யின் பின்புறம் நீல நிற விஜிஏ துளை இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். போலிக் கார்டு என்று அது கண்டுபிடித்தால், பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டிக்கொடுக்கும்.

6. கிரிப்டோ நாணய மைனிங்கில் உழைத்த கார்டா? 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. உங்கள் கண் முன்னால் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டாத கார்டை வாங்காதீர்கள்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. தனி பவர் வயர் கேட்காத கார்டுகள் உண்டு. 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 இழுப்பது 70 வாட்தான். ஜிடிஎக்ஸ் 1650 கார்டு 75 வாட். ஆனால் 1650-இல் சில மாடல்கள் தனி வயர் கேட்கும், பார்த்து வாங்குங்கள். 3050-இலும் 8 ஜிபி கார்டு வேறு. அது 130 வாட். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்! இந்தச் சின்னக் கார்டுகளுக்கே என்விடியா சொல்வது 300 வாட் பவர் சப்ளை. உங்களிடம் இருப்பது அதற்கும் குறைவா? பெட்டியின் மாடல் எண்ணைச் சொல்லி, விவரம் தெரிந்த கடையில் கேட்காமல் காசை நீட்டாதீர்கள்.

ரசீதோடு கடையில் வாங்குங்கள். கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். கார் நிறுத்துமிடத்தில் முகம் தெரியாத தனி ஆளிடம் வாங்கிய பொருளுக்கு அந்தக் கதவு திறக்காது. இணையத்தில் பணம் அனுப்பி ஏமாந்துவிட்டீர்களா? ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உங்கள் வங்கிக்கோ, மோசடிப் புகார் எண்ணான 997-க்கோ கூப்பிடுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, சுவர் பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். பவர் சப்ளையை மட்டும் பிரிக்கவே கூடாது! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அந்தப் படம் கைப்பேசியில் இல்லாமல், எந்தக் கார்டுக்கும் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள்.