பல்லுக்கும் இன்ஷூரன்ஸா? பணம் கட்டும் முன் கணக்குப் பாருங்கள்!



"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் பெரியவர்கள். சொல் மட்டுமா போகிறது? சோறு மெல்லும் சுகம் போகிறது. இரவுத் தூக்கம் போகிறது. வேலைக்குப் போக முடியாமல் கூலி போகிறது. வலி தாங்காமல் அவசரத்தில் தனியார் பல் டாக்டரிடம் ஓடினால், சில வீடுகளில் காதுத் தோடும் அடகுக்குப் போகிறது.

இந்தப் பயம் இருப்பதால்தான், "பல்லுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் இருக்குங்க, வருஷத்துக்குக் கொஞ்சம் கட்டினா போதும்" என்று யாராவது சொன்னால் மனம் சாய்கிறது. எல்லாம் ஏமாற்று என்று தள்ளவும் வேண்டாம். கேட்டவுடன் பணத்தை எடுத்து நீட்டவும் வேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, கீழே உள்ளவற்றைப் பேசி முடிவு செய்யுங்கள்.

1. முதலில் வாயைக் காட்டுங்கள்

எந்தப் பல்லுக்கு என்ன தேவை என்று தெரியாமல் இன்ஷூரன்ஸ் எடுப்பது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போல. இருவரும் அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவில் ஒரு முறை காட்டுங்கள். சொத்தையை அடைப்பது, பல்லைச் சுத்தம் செய்வது, பல்லைப் பிடுங்குவது ஆகியவை சின்ன வேலைகள். வேர் சிகிச்சை, உறை போடுவது, பல் கட்டுவது ஆகியவை செலவு பிடிக்கும் வேலைகள். உங்களுக்கு எது தேவை என்று டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பெற நினைக்கும் தம்பதியர் இதைத் தள்ளிப் போடக் கூடாது. கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது உண்டு. "மாசமா இருக்கும்போது பல்லைத் தொடக் கூடாது" என்பது தவறான எண்ணம். கர்ப்பம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சிகிச்சை பெறலாம். நாலு முதல் ஆறு மாதம் வரை அதற்கு வசதியான காலம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் ஈறைக் கவனிக்க வேண்டும். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவது சிரமம்.

2. ஏற்கெனவே கையில் இருப்பது என்ன?

தாலுகா ஆஸ்பத்திரிகளிலும், பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பல் டாக்டர் இருக்கிறார். சின்ன வேலைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

வீட்டில் ஒருவர் மில்லிலோ கம்பெனியிலோ வேலை செய்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்கிறார்களா? 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 பைசா. அந்தப் பிடித்தத்திலேயே அவருக்கும் குடும்பத்துக்கும் பல் சிகிச்சை உண்டு. அதை விட்டுவிட்டு வேறு இன்ஷூரன்ஸ் தேடுவது வீண் செலவு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கே அது முக்கியமாக உதவும். வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கை கொடுக்கும். ஆனால் சொத்தை அடைக்க அந்த அட்டையை நீட்டினால் பயன் இல்லை. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

3. பாலிசியில் எது உண்டு, எது இல்லை?

சாதாரண மருத்துவ இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் விபத்தில் பல்லோ தாடையோ அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். 2020-இல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி, நோயினால் வரும் பல் சிகிச்சையையும் ஏற்கிறது. ஆனால் அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான். அதிலும் 100-க்கு 5 ரூபாய் நம் கையிலிருந்து போகும். காலையில் போய் மத்தியானம் திரும்பும் பல் வேலைக்குப் பணம் வேண்டுமென்றால், "வெளிநோயாளி பல் சிகிச்சை உண்டு" என்று பாலிசியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "இந்தக் கார்டு இருந்தா எங்க ஆஸ்பத்திரியில் பில்லில் தள்ளுபடி" என்பது வெறும் சலுகைச் சீட்டு. அது இன்ஷூரன்ஸ் அல்ல.

4. ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அ) எந்தெந்தப் பல் வேலைக்குப் பணம் வரும்?
ஆ) பணம் கட்டி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?
இ) வருஷத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள்?
ஈ) பில்லில் நாங்கள் எவ்வளவு போட வேண்டும்?
உ) எங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த டாக்டரிடம் செல்லும்?

வாய் வார்த்தை போதாது. பதிலை அச்சிட்ட தாளில் காட்டச் சொல்லுங்கள். இருக்கிற நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் பின்னால் பணம் மறுக்கப்படலாம். ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

5. கணக்கு இதோ

உதாரணத்துக்கு, இருவருக்கும் சேர்த்து வருஷ பிரிமியம் 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பில்லில் பாதி தருவார்கள். உச்ச வரம்பு 5,000 ரூபாய்.

வேர் சிகிச்சைக்கும் உறைக்கும் 8,000 ரூபாய் ஆனால் 4,000 கிடைக்கும். பிரிமியம் போக லாபம் 1,600 ரூபாய். அதே வருஷத்தில் ஒரு சொத்தை அடைப்பு மட்டும் என்றால், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆகும் வேலைக்காக 2,400 ரூபாய் கொடுத்ததாகும். இன்றைக்கே வலிக்கிற பல்லுக்கோ இந்தப் பாலிசி உதவாது. ஆறு மாதம் காத்திருந்தால் சொத்தை வேருக்கு இறங்கிவிடும்.

ஆகவே, பெரிய வேலை வரும் என்று டாக்டர் சொல்லி, அது காத்திருக்கக் கூடியதாகவும் இருந்து, பாலிசியும் அதை ஏற்றால் எடுங்கள். இல்லையென்றால் மாதம் 200 ரூபாயைத் தபால் ஆபீஸ் சேமிப்பில் போடுங்கள். வருஷக் கடைசியில் அதே 2,400 ரூபாய் உங்கள் பெயரிலேயே இருக்கும். பல் நன்றாக இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும்.

காலையும் இரவும் பல் துலக்குங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவதை இருவருமே விடுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் பணக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அல்லது 104-க்குப் போன் செய்யுங்கள்.

பல்லைக் காப்போம்! பணத்தையும் காப்போம்!