எய்ட்ஸ் கிருமியிலும் கலப்பு ரகம்!

கணவன்–மனைவி இருவருக்கும் இருந்தாலும் கவனம் தேவை

தம்மம்பட்டி,

“எனக்கும் இருக்கு, அவருக்கும் இருக்கு. இனிமே புதுசா என்ன வந்துடப் போகுது?”

எச்.ஐ.வி. உள்ள தம்பதிகளில் சிலர் இப்படிக் கேட்பது உண்டு. புதுசாகவும் வரலாம் என்பதுதான் டாக்டர்கள் தரும் பதில்!

எய்ட்ஸ் கிருமி ஒரே ரகம் அல்ல. உலகம் பூராவும் பரவியுள்ள ‘எம்’ பிரிவில் மட்டும் ஏ, பி, சி, டி என்று 10 ரகங்கள் உண்டு. அமெரிக்காவில் ‘பி’ அதிகம். இந்தியாவில் பெரும்பாலும் ‘சி’.

தப்பும் தவறுமாக நகல்

கணக்கு நோட்டை அவசரமாகக் காப்பி எழுதினால் தப்பு விழும் அல்லவா? கிருமியின் கதையும் அதுதான். ரத்த வெள்ளை அணுவுக்குள் புகுந்து தன் மரபணுவை நகல் எடுக்கும்போது பிழை திருத்த ஆள் கிடையாது. அதனால் ஒரே உடம்பிலேயே கிருமி மாறிக்கொண்டே போகிறது.

ஒரே அணுவில் 2 ரகம் புகுந்து விட்டால்? பிறக்கும் கிருமிக்குள் இரண்டின் மரபணுவும் சேர்ந்து விடும். அடுத்த நகலில் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று தாவித் தாவி எழுதும். முடிவில் கலப்பு ரகம்!

இது கட்டுக்கதை அல்ல. மேற்கு இந்தியாவில் எடுத்த 6 கிருமிகளை ஆராய்ந்த முடிவு 1999-ல் வெளியானது. அதில் 5 ‘சி’ ரகம். மற்றொன்று ஏ, சி இரண்டும் கலந்தது!

ஆபத்து எங்கே?

மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி தலைதூக்கும். அது துணைக்கும் தொற்றினால், இதுவரை கேட்ட மருந்து அவருக்கும் கேட்காமல் போகலாம்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் தமிழ்நாட்டில் பாதிப்பு அதிகம் இருந்த மாவட்டங்களில் நமது பக்கத்து நாமக்கல்லும் ஒன்று. அன்று மருந்துக்கு வழியில்லை. 2004 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. சேலம், நாமக்கல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து மையங்கள் உள்ளன.

மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கி விட்டால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது. அதுவரை ஆணுறை கட்டாயம்.

வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். நோயைக் காரணம் காட்டி ஒதுக்குவதற்கு 2018-ல் அமலுக்கு வந்த சட்டப்படி தடை உள்ளது. சந்தேகம் கேட்க 1097-க்குப் போன் செய்யலாம். காசு கிடையாது!