ஆயா சும்மாதான் இருக்கிறாளா?

நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமத்து வீடுகளில் காலை ஆறு மணிக்கு செல்போன் அடித்தால், பேசுவது பெரும்பாலும் பெங்களூருவில் இருந்துதான். கட்டட வேலைக்குக் கிளம்பும் முன் அப்பாவும் அம்மாவும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆயா போனைப் பிடித்தால் பாதி நேரம் கூரைதான் தெரியும். பேரன் அதைப் பிடுங்கி, ஆடுகிற பல்லைக் காட்டுவான். "சாப்ட்டியா கண்ணு?" "இல்லம்மா, ஆயா களி கிண்டுது." மேஸ்திரி கூப்பிட்டதும் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவே, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது நல்லம்பள்ளி. மழையை நம்பிய காடு வருஷம் முழுக்கச் சோறு போடாது. அதனால் இளசுகள் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று பஸ் ஏறுகிறார்கள். அப்படி அவர்கள் ஏற முடிவதே, பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொள்ள ஊரில் ஒருத்தி இருப்பதால்தான்.

அவளைப் பற்றிக் கேட்டால் வீட்டில் வரும் பதில்: "ஆயாவா? சும்மாதான் இருக்குது."

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்களுக்கு இது 97. பிள்ளைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

இந்தக் கணக்கை அரசு கையில் எடுத்தது இதே வட்டாரத்தில்தான். குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் மு.க. ஸ்டாலின் 2023 ஜூலை 24 அன்று தொப்பூரில் தொடங்கி வைத்தார். மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் அதற்கு 'உதவி' என்று பெயர் வைக்காமல் 'உரிமை' என்று வைத்தது சரியான காரியம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் தொகை. முதியோர் ஓய்வூதியமாக மாதம் 1,200 ரூபாய் வாங்கும் ஆயாவுக்கு இது கிடையாது. தகுதி இருந்தால் மருமகள் வாங்கலாம். மருமகளோ பெங்களூருவில். உலை வைப்பது ஆயா.

அவளுக்கென்று ஒரு வங்கி உண்டு, கொட்டகையில் கட்டியிருக்கும் நாலு ஆடு. பேத்திக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டுமா, மகன் சாரத்தில் இருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டானா, செவ்வாய்க்கிழமை நல்லம்பள்ளிச் சந்தைக்கு ஓர் ஆடு போகும். பணம் பெங்களூருவில் இருந்து ஊருக்கு மட்டும்தான் வருகிறது என்று நினைப்பவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போய் நின்று பார்க்கலாம்.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறுவருஷம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. உப்புமாவோ பொங்கலோ பள்ளியிலேயே கிடைப்பதால், ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் அடுப்போடு மல்லுக்கட்டும் வேலை ஆயாவுக்குக் கொஞ்சம் குறைந்தது. இராத்திரி அம்மா நினைப்பில் அழும் பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கத் திட்டம் ஏதும் இல்லை. அதுவும் அவள் கைதான். அவள் அழுதால் யார் தட்டுவது என்பதை மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து, மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். ஆனால் இந்த ஆயாக்களின் பிள்ளைகள் கைவிட்டவர்கள் அல்ல, மாதா மாதம் பணம் போடுகிறவர்கள். அந்தப் பணத்தில் அரிசி, நோட்டு, பேரனின் செருப்பு எல்லாம் இருக்கும். ஆயாவுக்கென்று எதுவும் இருக்காது.

பெங்களூருவில் இருந்து இதைப் படிப்பவர்கள், நாளைக் காலை போன் செய்யும்போது பிள்ளையிடம் பேசி முடித்த கையோடு வைத்துவிடாதீர்கள். ஆயாவிடம் கொடுக்கச் சொல்லி, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, கண்ணாடி மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேளுங்கள். அடுத்த மாதம் கண்ணாடிக்குத் தனியாகப் பணம் போடுங்கள்.