நாடக அறிவிப்பில் தமிழ் உடைகிறதா?

எங்கள் மேலநீலிதநல்லூர் மாணவர்கள் போட்ட 'கோவலன்' நாடகத்துக்கு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க ஓர் அறிவிப்புப் படம் செய்து கொடுத்தேன். பழைய போட்டோஷாப்பில் யுனிகோட் தமிழில் டைப் செய்தேன். 'கோ'வின் இரட்டைக் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய்விட்டது. நான் கவனிப்பதற்குள் படம் சங்கரன்கோவில் வரை பரவிவிட்டது. ராத்திரி பகலாக ஒத்திகை பார்த்த பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது.

காரணம் இதுதான். யுனிகோடில் அந்தக் கொம்பும் காலும் சேர்ந்து பொதுவாக ஒரே குறியீடு. அதைப் பிரித்து எழுத்தின் இருபுறமும் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வசதி இல்லாவிட்டால் யுனிகோட் ஃபாண்டை மாற்றினாலும் பயனில்லை.

இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் இந்தச் சிக்கல் இல்லை. பக்க அளவை 1080க்கு 1920 பிக்சல் என்று அமையுங்கள். நாடகத்தின் பெயரைப் பெரிதாகவும், அதன் கீழே தேதி, நேரம், இடத்தையும் டைப் செய்யுங்கள். மேலும் கீழும் கொஞ்சம் இடம் விடுங்கள். ஸ்டேட்டஸில் அனுப்பியவர் பெயரும் பதில் பெட்டியும் அங்கேதான் வரும்.

பி.என்.ஜி. ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, முதலில் உங்கள் செல்போனில் திறந்து பாருங்கள். ஒவ்வோர் எழுத்தாகப் படித்த பிறகே குரூப்பில் போடுங்கள். நான் செய்யத் தவறியது அதைத்தான்.