தாய்மாமனைப் பற்றி ஒரு கேள்வி

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும் என்பது நம் வழக்கம். பிரசவ வார்டிலும் அவரைப் பற்றி ஒரு கேள்வி வரலாம். "அம்மாவோட கூடப்பிறந்த ஆண் குழந்தை யாராவது சின்னதிலேயே தவறிடுச்சா?" என்று நர்ஸ் கேட்டால் கோபப்படாதீர்கள். அது ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கும் கேள்வி. நர்சிங் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் இதை மறக்காமல் கேட்க வேண்டும்.

இரத்த வெள்ளையணுக்களில் 'பி' வகை எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. 'டி' வகை, கிருமி புகுந்த உயிரணுக்களை அழிப்பதோடு 'பி' அணுக்களையும் ஏவுகிறது. கருவிலேயே தாய் கொடுத்த எதிர்ப்பொருள் சில மாதம்தான் காவல் நிற்கும். பிறகு சொந்தப் படை வேண்டும். சில குழந்தைகளுக்கு அது பிறவியிலேயே அமைவதில்லை.

1952-ல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன், ஓயாமல் தொற்று கண்ட 8 வயதுச் சிறுவனின் இரத்தத்தில் காமா குளோபுலின் இல்லாததைக் கண்டார். அதை ஊசியாகச் செலுத்தவே பையன் தேறினான். இவ்வகைக் குறை எக்ஸ் குரோமோசோம் வழி வருவது. தாய் நலமாக இருப்பாள், மகனுக்கு வரும், அவள் சகோதரனுக்கும் வந்திருக்கலாம். தாய்மாமனைக் கேட்பது இதனால்தான்.

இன்னொரு வகையில் தாய், தந்தை இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை மறைந்திருக்கும். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4-ல் 1. மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது இப்படி அமைவது கூடுகிறது.

'டி' அணுக்களே இல்லாத குழந்தைக்குப் பிறந்ததும் போடும் பி.சி.ஜி.யே ஆபத்தாகலாம். அதிலுள்ளது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள கிருமி. அது உடலெங்கும் பரவிவிடும். அதற்காக யாரும் தடுப்பூசியை ஒதுக்கிவிடாதீர்கள்! 1894-ல் இதே கல்கத்தாவின் பஸ்திகளில் ஹாஃப்கின் காலரா தடுப்பூசி போட்டார்; அன்றுமுதல் தடுப்பூசிகள் காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. குடும்பத்தில் இப்படி இறப்பு இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். இரத்தம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா, ஒரு வயதுக்குப் பிறகும் ஆறாத வாய்ப்புண் பூஞ்சை, ஏறாத எடை ஆகியவையும் எச்சரிக்கைகளே. 1968 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை இத்தகைய பிள்ளைகளைப் பிழைக்க வைக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நம் சங்கடம் வேறு. வீட்டில் இறந்த சிசுவைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினாலும் "அவ செஞ்ச வினை" என்று தாய்மேல் போடுகிறோம். வினைக்கொள்கையில் வளர்ந்த சமணன் நான். மரபணுப் பிழையைத் தாயின் வினை என்று பேசும் வாய்தான் வினை தேடிக்கொள்கிறது.

ஊரை விட்டு வந்த நமக்குக் குடும்பக் கதை ஊரிலேயே நின்றுபோனது. மகளோ மருமகளோ உண்டானதும் ஊரிலுள்ள பாட்டிக்கு ஒரு போன் போட்டு, இறந்த பிள்ளைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். பார்க் சர்க்கஸ் குழந்தை நலக் கழகமானாலும் பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமானாலும் அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்.