குளிர்காலக் கண்ணி: கயோட்டி பிடிக்கும் தொழிலும் அதன் கணக்கும்

விலங்கு பிடிக்கும் கருவிகளுக்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று அன்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? விரித்துப் போட்டால் வலை. கயிற்றை வளையமாக்கி இழுபட்டால் இறுகும்படி வைத்தால் கண்ணி, அல்லது சுருக்கு. மிதித்தாலோ தொட்டாலோ தானாக இயங்குவது பொறி. பெரிய பலகைக்கல்லைச் சிறு குச்சியால் முட்டுக் கொடுத்து, குச்சி நழுவினால் கல் விழும்படி செய்தால் அதற்கு அடார் என்று பெயர். சங்கப் பாடல்களிலேயே வருகிறது. இந்தக் கட்டுரையில் நமக்கு வேண்டியவை இரண்டுதான்: பொறியும் சுருக்கும். இடம் அமெரிக்காவும் கனடாவும். பிடிபடும் பிராணி கயோட்டி.

நயினார் வீட்டில் பிறந்து, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்கிறவனுக்கு இந்த விஷயம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நான் நாக்பூரில் முப்பத்தெட்டு வருஷமாக ஒயர் ரோப், சங்கிலி, ஸ்பிரிங் வியாபாரம் செய்கிறேன். டொராண்டோவிலிருந்து வந்த மருமகனின் கோட்டுத் தொப்பியில் சுற்றியிருந்த ரோமம் எந்த மிருகத்தினுடையது என்று கேட்கப் போய், அது கயோட்டி, பிடித்தது கம்பிக்கயிற்றில் என்று தெரிய வந்தது. கம்பிக்கயிறு என்றதும் விட மனசு வரவில்லை. அந்த நாட்டு மாநில அரசுகள் இலவசமாக வெளியிடும் விதிப் புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொள்வதும் செய்வதும் வேறு வேறு. எப்படிப் பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் அது சரியா தவறா என்று வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கயோட்டியை நரி என்று மொழிபெயர்க்கிறவர்கள் உண்டு. நம் குள்ளநரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் வைக்க வேண்டிய பிராணி அது. எடை ஏறக்குறைய 9 முதல் 20 கிலோ. மெக்சிகோவின் நவாட்டில் மொழியில் 'கோயோட்ல்'. அதுதான் ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. 1823-இல் தாமஸ் சே என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் வைத்த அறிவியல் பெயர் கேனிஸ் லட்ரான்ஸ், அதாவது குரைக்கும் நாய். முன்பு மேற்கு, நடு அமெரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்தது. வெள்ளைக்காரர்கள் ஓநாயை ஒழித்தார்கள், காட்டை வெட்டி வயலாக்கினார்கள். காலியான இடத்துக்கெல்லாம் கயோட்டி போய்ச் சேர்ந்தது. இன்று ஹவாய் தவிர எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் இருக்கிறது. தெற்கே பனாமா வரை போய்விட்டது. சிகாகோ நகருக்குள்ளேயே வாழும் கயோட்டிகளை 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள்.

குளிர்காலத்தில் மட்டும் ஏன் பிடிக்கிறார்கள்? ரோமத்துக்காக. தோலில் இரண்டு அடுக்கு: அடியில் பஞ்சு போன்ற மென்மயிர், மேலே நீளமான காவல்மயிர். நவம்பர் கடைசியில் இரண்டும் முழுசாக வளர்ந்து, தோலின் உட்புறம் வெளுத்திருக்கும். ஜனவரி தாண்டினால் இணைசேரும் பருவம் வந்துவிடும்; உராய்ந்து உராய்ந்து இடுப்பிலும் தோளிலும் மயிர் தேயும், விலை இறங்கும். ஆக நல்ல சரக்குக்கு அவகாசம் இரண்டு மாதம், ரொம்பப் போனால் இரண்டரை. குளிர் அதிகமான மேற்குச் சமவெளிகளின் வெளிர்நிறத் தோலுக்கு விலை அதிகம். தெற்கத்திச் செம்பழுப்புத் தோலுக்கு அவ்வளவு மதிப்பில்லை. மயிர்கள் ஒரே நீளமாக இல்லாமல் ஏறியிறங்கி நிற்பதால் காற்றை உடைத்து, முகத்தைச் சுற்றி அசையாத காற்றை நிறுத்துகின்றன. தொப்பி விளிம்பில் வைத்துத் தைப்பது அதற்காகத்தான்.

இனி கருவி. கால்பொறி என்பது இரும்புத் தாடை இரண்டு, அவற்றை மூடும் ஸ்பிரிங், நடுவில் மிதிதட்டு, தட்டைப் பிடித்திருக்கும் கொக்கி, அவ்வளவுதான். நியூயார்க் மாநிலத்து ஒனைடாவில் சீவெல் நியூஹவுஸ் என்ற கொல்லர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் இதைச் செம்மையாகச் செய்து பெயர் வாங்கினார். அவர் பிறகு சேர்ந்த ஒனைடா சமூகம் சொத்தையெல்லாம் பொதுவில் வைத்து வாழ்ந்த ஒரு மதக்கூட்டம். பொறி விற்ற காசில்தான் அது நிமிர்ந்தது. 1881-இல் அது பங்குக் கம்பெனியாக மாறி, பிற்காலத்தில் மேஜைக் கரண்டிக்குப் பேர்போனது. வியாபாரம் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

கயோட்டிக்கு இன்று பயன்படுவது தாடை விரிவு ஐந்தரை, ஆறு அங்குலம் உள்ள சுருள் ஸ்பிரிங் பொறி. தாடைகள் முழுசாக மூடாமல் சிறு இடைவெளி விடுவார்கள். விளிம்பைக் கனமாக்கி மழுக்குவார்கள். கால் வெட்டுப்படாமல் பிடிபட இது உதவும். சங்கிலியில் இரண்டு மூன்று சுழலிகள் இருக்க வேண்டும். அகப்பட்ட மிருகம் சுற்றும்போது சங்கிலி முறுக்கிக்கொண்டால் கால் திருகும், அல்லது சங்கிலி அறும். சுழலி விற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் கைவிடுவது மலிவுச் சுழலிதான். மிதிதட்டின் இறுக்கத்தை ஒன்றரை, இரண்டு கிலோ எடைக்கு இயங்கும்படி வைப்பார்கள். முயலும் அணிலும் மிதித்தால் விழாது.

புதுப்பொறியில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். அதைக் கழுவி, லேசாகத் துருப்பிடிக்க விட்டு, லாக்வுட் என்ற மரச்சாயத்தோடு கொதிக்க வைக்கிறார்கள். பொறி கறுக்கும், மேற்கொண்டு துரு ஏறாது. சிலர் மெழுகிலும் தோய்ப்பார்கள். பிறகு ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ். மனுஷ வாடை, எண்ணெய் வாடை பொறியில் படக்கூடாது. பட்டால் கயோட்டி ஓடிவிடும் என்பதைவிட, அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கும் என்பதே பெரிய தொல்லை.

ஆனால் அனுபவஸ்தர்கள் கருவியைப் பற்றிக் கொஞ்சமும் இடத்தைப் பற்றி நிறையவும் பேசுகிறார்கள். கயோட்டி நடக்காத இடத்தில் வைத்த பொறி எவ்வளவு அழகாக இருந்து என்ன? வயல் மூலை, வண்டித்தடம் பிரியும் இடம், மேட்டின் தாழ்ந்த கணவாய், மாட்டுப்பாதையும் வாய்க்காலும் சேரும் இடம், இங்கெல்லாம் தடமும் எச்சமும் தேடிக் கண்டபிறகுதான் மண்வெட்டியை எடுப்பது. அடுத்தது காற்று. கயோட்டி மூக்கால் வழி பார்த்து, காற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து வரும். ஆகவே வாசனைப் பொருள் மேல்காற்றுப் பக்கமும், பொறி அதற்கு முன்னால் கீழ்காற்றுப் பக்கமும் இருக்க வேண்டும்.

அதிகம் கையாளும் முறை, வளை மாதிரி ஒரு குழி. எலியோ வேறு பிராணியோ தீனியைப் புதைத்த இடம் என்று தோன்றும்படி, மூன்று அங்குல அகலத்தில் ஏழெட்டு அங்குல ஆழத்துக்குச் சாய்வாகத் தோண்டி, அதில் இறைச்சித் துண்டும் வாசனைத் தைலமும் வைப்பார்கள். குழி வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர்நடுவில் வைக்காமல் ஓரிரு அங்குலம் ஒதுக்கிப் பொறி. மூக்கு நடுவில் நீண்டால் முன்கால் பக்கத்தில்தானே விழும்! பொறி அடியில் ஆடவே கூடாது. மிதிதட்டு தவிர வேறு பகுதியில் கால் பட்டு லேசாக அசைந்தால் போதும், மிருகம் பின்வாங்கிவிடும். ஆகவே மண்ணைச் சுற்றிலும் குத்தி இறுக்கி, மேலே சலித்த மண் கால் அங்குலம். இன்னொரு முறையில் குழியே கிடையாது. ஒரு புல்தூரில் கயோட்டி மூத்திரம் தெளித்து, பக்கத்தில் பொறியைப் புதைப்பார்கள். தெருநாய் விளக்குக் கம்பத்தை விடாது, இல்லையா, அதே குணம்.

குளிர்காலத்தின் உண்மையான சண்டை ஈரத்தோடு. பகலில் உருகிய பனி ராத்திரி மண்ணோடு உறைந்தால் பொறி காங்கிரீட்டில் பதித்த மாதிரி ஆகிவிடும். மேலே யானை நின்றாலும் இயங்காது. இதற்காகக் கோடையிலேயே காய்ந்த மண்ணைச் சலித்து டிரம்மில் அடைத்து வைக்கிறார்கள். உருக்கிய மெழுகைக் காய்ந்த மண்ணில் கலந்தால் தண்ணீர் ஒட்டாது. பீட் பாசித் தூளும் உதவும். சிலர் உப்பு கலக்கிறார்கள். உப்பு இரும்பைத் தின்னும், நான் அதை ஒப்பமாட்டேன்.

பனி முழங்கால் ஆழம் ஏறியபிறகு பொறியைவிடச் சுருக்கு மேல். ஆழப்பனியில் நடப்பது கயோட்டிக்கும் கஷ்டம். அதனால் ஒருதடவை மிதித்த தடத்திலேயே திரும்பத் திரும்ப நடக்கும்; முள்வேலிக்கு அடியில் ஒரே சந்தில் நுழையும். அங்கேதான் சுருக்கு. கயிறு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனம். ஏழு இழை கொண்ட ஏழு புரி, நம் கடையில் 'ஏழுக்கு ஏழு' என்று கேட்பார்களே அது. வளையம் 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலம், அடிவிளிம்பு தரையிலிருந்து 20, 25 சென்டிமீட்டர் உயரம். தலை நுழைந்து தோள் முட்டும்போது கயிறு இறுகும். ஒருவழிப் பூட்டு பின்னால் தளர விடாது. சில மாநிலங்களில் தளரும் பூட்டுதான் அனுமதி. இழுத்தால் இறுகும், நின்றால் கொஞ்சம் தளரும், மிருகம் கட்டிய நாய் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

மான் மாட்டினால்? அதற்கு இரண்டு ஏற்பாடு. வளையம் ஓர் அளவுக்குக் கீழே சுருங்காதபடி கயிற்றில் ஒரு நிறுத்தம் வைத்தால் மான் காலை உருவிக்கொள்ளும். அதோடு, 130 முதல் 160 கிலோ இழுவையில் நிமிர்ந்து திறந்துவிடும் ஒரு கொக்கி. மானும் மாடும் இழுத்தால் பிய்யும், கயோட்டியால் முடியாது. கயிறு எவ்வளவு தாங்கும் என்று சொல்லி விற்பது நம் வழக்கம். எவ்வளவுக்குமேல் தாங்கக்கூடாது என்று கணக்குப் போட்டு விற்பதை இந்த ஒரு சரக்கில்தான் பார்த்தேன்.

வைத்தவன் வந்து பார்ப்பதுதான் இதில் பெரிய தர்மம். பல மாநிலங்களில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது சட்டம். சிலவற்றில் இரண்டு மூன்று நாள் வரை விடுகிறார்கள். மைனஸ் இருபதில் ஓர் இரவு காலைப் பிடித்த இரும்போடு கிடப்பதும் மூன்று இரவு கிடப்பதும் ஒன்றா? 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் ரஷ்யாவும் செய்த ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் அளவுகோல் போட்டார்கள். உயிரோடு பிடிக்கும் பொறி என்றால், குறைந்தது 20 மிருகங்களில் சோதித்து, 80 சதவீதத்துக்காவது பட்டியலில் உள்ள கடுங்காயங்கள் இல்லாதிருக்க வேண்டும். கொல்லும் பொறியில் கயோட்டி 300 வினாடிக்குள் நினைவிழக்க வேண்டும். முந்நூறு வினாடி என்பது ஐந்து நிமிஷம். இந்த வரியைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஆட்டுக்குட்டியைத் தின்கிறதே, பிடித்தால் குறையாதா என்பது இடையன் பக்கத்து நியாயம். அதையும் தள்ளிவிட முடியாது. குட்டி போனால் அவனுக்கு வருஷ வருமானம் போகிறது. ஆனால் கணக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் 1975-இல் ஒரு கணித மாதிரி செய்தார்கள். ஆண்டுதோறும் முக்கால் பங்கைக் கொன்றாலும் இனம் அற்றுப்போக ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்றது அது. எண்ணிக்கை குறையக் குறைய மிச்சமுள்ளவற்றுக்குத் தீனி கூடும், குட்டிகளும் கூடும், அக்கம்பக்கத்திலிருந்து இளசுகள் வந்து குடியேறும். பிற்காலத்தில் அதே மாநிலத்தில் ஹாப்லாந்து என்ற இடத்தில் பார்த்தபோது, குட்டிகளை அதிகம் அடிப்பது அந்த எல்லையை ஆளும் ஜோடிதான் என்று தெரிந்தது. டிசம்பர் பொறியில் சுலபமாக விழுவதோ பெரும்பாலும் ஊர் தேடி அலையும் இளசு. ரோமத்துக்கு நல்ல மாதம் வேறு, ஆட்டைக் காக்க வேண்டிய மாதம் வேறு. பின்னது குட்டி போடும் பருவத்துக்குச் சற்று முன்னால். இரண்டையும் ஒரே செலவில் முடிப்பதாகச் சொல்கிறவரிடம் கொஞ்சம் விசாரித்துக்கொள்வது நல்லது. 1970-களிலிருந்து பெரிய காவல் நாய்களை மந்தையோடு விட்டுப் பலர் பலன் கண்டிருக்கிறார்கள்.

சட்டமும் சந்தையும் இதற்கிடையில் மாறிவிட்டன. கொலராடோ 1996-இலும் கலிபோர்னியா 1998-இலும் மக்கள் வாக்கெடுப்பில் கால்பொறிகளைக் கட்டுப்படுத்தின. கலிபோர்னியா 2019-இல் ரோமத்துக்காகப் பிடிப்பதையே தடை செய்தது. நியூ மெக்சிகோவின் பொதுநிலங்களில் 2022 முதல் தடை. கயோட்டி ரோமக் கோட்டால் உலகப் புகழ்பெற்ற கனடா கூஸ் கம்பெனி, ரோமத்தை விட்டுவிடுவதாக 2021-இல் அறிவித்தது. 1670-இல் தோல் வாங்கத் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனி 1987-இல் ரோம ஏலத்தை விற்றது. 2025-இல் கடைகளையும் மூடிவிட்டது. 355 வருஷம் நடந்த கடை! நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்தால் குள்ளநரியும் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. மிங்க், நரி, சின்சில்லா ரோமங்களை இறக்குமதி செய்வதற்கும் 2017-இலிருந்து தடை.

ஆனால் சுருக்கு நம் பக்கத்திலும் இருக்கிறது. வயலுக்கு வரும் பன்றிக்கென்று பழைய சைக்கிள் பிரேக் கம்பியையும் மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியையும் வேலியோரம் கட்டுகிறார்கள். மாட்டுவது சிறுத்தையாகவும் புலியாகவும் கூட இருக்கிறது. அந்தக் கம்பியில் மானுக்கான நிறுத்தமோ, பிய்த்துக்கொள்ளும் கொக்கியோ, சுழலியோ எதுவும் இருக்காது. நாக்பூரைச் சுற்றிப் புலிக்காடுகள் என்பது உங்களுக்குத் தெரியும். என் கடைக்கு முன்பின் தெரியாத ஆள் வந்து இரண்டு மில்லிமீட்டர் மெல்லிய ஒயர் ரோப்பை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டிக் கேட்டால், "என்ன வேலைக்குங்க?" என்று கேட்டு, ஊரையும் பேரையும் எழுதிக்கொண்டுதான் கொடுக்கிறேன். சிலபேர் பதில் சொல்லாமலே போய்விடுகிறார்கள்.