பால் ஆறுகிற கணக்கு

அஞ்சுகிராமத்திலிருந்து எழுதுகிறேன். இந்தப் பகுதியில் நகை, நாத்தனார், சமையல் என்று எத்தனையோ அனுபவங்களை வாசித்திருக்கிறேன். என் அனுபவம் ஒரு கணக்குப் பாடத்தைப் பற்றியது. கணக்கா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் முதல் வருடம் முடித்த கையோடு, 1995-ல் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டாம் வருடத்துக்காக வாங்கி வைத்திருந்த 'வகைக்கெழுச் சமன்பாடுகள்' புத்தகமும் டிரங்குப் பெட்டியில் என்னோடு வந்தது. அட்டைகூட மடங்காமல் அப்படியே கிடந்தது. 2016-ல் பிளஸ் டூ படித்த என் மகள் அதே பாடத்தில் ஒரு கணக்கைக் கொண்டுவந்து, "அம்மா, இது உங்களுக்கு வருமா?" என்றாள். வரவில்லை. "சரி விடுங்கம்மா, சார்ட்ட கேட்டுக்கிடுதேன்" என்று போய்விட்டாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கமில்லை.

மறு வருடமே நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தேன். "பேரப்பிள்ளை எடுக்கப் போற வயசுல கணக்கு என்னத்துக்கு பிள்ளே?" என்றார் மாமி. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. பீஸ் ரசீதை மட்டும் வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

இரண்டாம் வருடம் அந்தப் பேப்பரில் தோற்றேன். நாலு மார்க்கில் போயிற்று. சூத்திரங்களை ஸ்தோத்திரம் மாதிரி மனப்பாடம் செய்தால் வேறென்ன ஆகும்? வீட்டில் சொல்ல வாய் வராமல் இரண்டு நாள் மறைத்தேன்.

புரிந்தது அடுக்களையில்தான். சாதாரண சமன்பாட்டுக்கு விடை ஓர் எண். இதிலோ நமக்குத் தெரிவது ஒரு பொருள் மாறுகிற வேகம் மட்டுமே. அதை வைத்து, அது எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று முழுவதையும் கண்டுபிடிக்க வேண்டும். உறை ஊற்ற வைத்த பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாக ஆறும் என்பது நியூட்டன் சொன்ன விதி. அறை 30 டிகிரி, பால் 90 என்றால் வித்தியாசம் 60. அது பாதியாக 20 நிமிடம் ஆனால், பால் 60 டிகிரிக்கு வரும். அடுத்த 20 நிமிடத்தில் 45. அதற்கடுத்த 20 நிமிடத்தில் 37.5-தான். முதலில் மளமளவென்று இறங்கி, அப்புறம் ஆமையாக நகருகிறது. தினமும் விரல் வைத்துப் பார்த்தது இதைத்தானே!

கிழக்கே கூடங்குளத்தில் 2013-ல் முதல் உலை இயங்க ஆரம்பித்தபோது, 'அரை ஆயுட்காலம்' என்று பேப்பரில் வாசித்து விழித்திருக்கிறேன். அதுவும் இதே சமன்பாடுதான். சீசியம்-137 பாதியாகக் குறைய சுமார் 30 வருடம். 60 வருடம் போனாலும் கால் பங்கு மிச்சமிருக்கும். அயோடின்-131-க்கு எட்டே நாள்.

ரஷ்யாவில் பிறந்த சோபியா கோவலெவ்ஸ்கயாவைப் பற்றியும் அப்போதுதான் வாசித்தேன். சின்ன வயதில் சுவருக்கு ஒட்டுகிற காகிதம் போதாமல், அவர் அறையில் நுண்கணிதப் பாடத் தாள்களை ஒட்டியிருந்தார்களாம். பெண்களை அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம். வெளிநாடு போய்ப் படிப்பதற்காகவே பெயருக்கு ஒரு கல்யாணம் செய்துகொண்டு, 1874-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்குக் கொடுத்த ஆராய்ச்சிகளில் முக்கியமானது வகைக்கெழுச் சமன்பாடு பற்றியது. அவருக்குக் கல்யாணத்தால் படிப்பு வந்தது, எனக்குப் போனது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கொஞ்சம் அழுகையும் வந்தது உண்மை.

மறுபடி பரீட்சைக்குப் போன அன்று காலை, மாமியே அடுப்படியைப் பார்த்துக்கொண்டார். இந்தத் தடவை 52 மார்க். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"நூத்துக்கா?" என்றார் மாமி. "மிச்சம் நாப்பத்தெட்டு எங்க பிள்ளே போச்சு?"

— ஒரு வாசகி, அஞ்சுகிராமம்